மெய்ப்புப் பார்த்தவர் பெயர்

கல்லூரிப் பணி போக எஞ்சிய பொழுதுகளில், கடந்த ஓராண்டாக இரண்டு வேலைகள் செய்துவந்தேன். ஒன்று, பதிப்பகங்களுக்குப் பக்கக் கணக்கில் மெய்ப்புப் பார்ப்பது. மற்றொன்று, தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்களைப் பிழைநீக்குவது. ஒற்று மிகும் இடம் தவறாமல், ரகரமும் துணைக்காலும் மயங்காமல் பார்க்கும் கண்ணுழைப்பு இரண்டிற்கும் பொது.

முன்னதில் கூலி உண்டு, பெயர் இல்லை. பின்னதில் கூலி இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தை யார் திருத்தினார் என்பது பதிவாகிவிடுகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை மின்னூலிலேயே குறிப்பிடுகிறது. தன்னார்வலர்கள் காட்டும் இந்த நேர்மையை, விலைக்கு நூல் விற்போர் ஏன் காட்டலாகாது? அட்டை வடிவமைத்தவருக்கும் அச்சகத்திற்கும் இடம் தரும் பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பதில் செலவேதுமில்லை. பெயர் இருந்தால் பிழைக்குப் பொறுப்பேற்கவும் ஓர் ஆள் இருப்பார்.

பெயர் தந்துவிட்டுக் கூலியைக் குறைக்கலாம் என்று எவரும் கருத வேண்டா. 'தமிழ்த்தொண்டுதானே' என்று சொல்லிப் பேரம் பேசுவோர் உண்டு. தொண்டு செய்வதா என்பதைச் செய்பவரே தீர்மானிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அல்லர்.