சாவியைக் கொடுக்குமுன்...

சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்ததெல்லாம் பழங்கதை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. சில நாட்களில் வீட்டுக் காரையும் அங்கே ஓட்டிப் பார்க்கலாம்.

அதற்காக உங்கள் பிள்ளையாண்டான், "ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால் வளைவில் பிடித்த பிடியாய்த் திரும்பும், அம்மா!" என்று பணம் கேட்கிறானா? பெட்டியைத் திறக்காதீர்கள். (தாழ்த்திய காருக்கு நம் தெரு வேகத்தடையில் வயிறு உரசும்!) "பிரேக் ஆயில் மாற்றினாயா?" என்று கேளுங்கள்.

அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4 ரகம்கூட, ஈரம் ஏறினால் 155-லேயே கொதித்துவிடலாம். சுற்றுக்குச் சுற்று மிதித்துச் சூடேறினால் குமிழி கிளம்பும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. டயரையும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கையகலமே தரையைத் தொடுகிறது. வளைவில் பிடிப்பதும் அதுதான்.

பையன் திருதிருவென்று விழித்தால், சாவி அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.