டிராக்டர் டிரெய்லரும் நிலக்காரர் பொறுப்பும்

முற்காலத்தில் பாரவண்டியும் காளைகளும் செய்துவந்த வேலையை இன்று டிராக்டரும் அதன் பின் கோத்த டிரெய்லரும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டன. எரு, நெல் மூட்டை, கரும்பு, வைக்கோல் முதலியவற்றை ஒரே நடையில் கொண்டு சேர்க்கும் இச்சாதனத்தின் அனுகூலத்தை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் ஆட்களை அதே பெட்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கமும் அநேக கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும் என்பதும், அதை ஒழிக்கும் பொறுப்பு டிரைவரைவிட நிலச் சொந்தக்காரரையே முதலில் சார்ந்தது என்பதும் நமது அபிப்பிராயம்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெலங்கானாவின் யாதாத்ரி புவனகிரி ஜில்லாவில் கூலியாட்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் மூசி வாய்க்காலில் கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேடு ஜில்லாவில், வயல் வேலைக்குச் சென்ற பெண்களுடன் டிராக்டர் கிணற்றில் விழுந்ததில் 7 பெண்கள் உயிரிழந்தனர். அவ்விரண்டு இடங்களிலும் மாண்டவர்கள் பிறர் நிலத்தில் உழைத்து அன்றாடக் கூலி பெறும் ஏழைகள்.

இவ்விபத்துக்களை விதியின்மேற் போடுவது தகாது. பெட்டியும் பாரமும் சேர்ந்தால் இழுக்கும் டிராக்டரைவிட அதிக எடையாவது சாதாரணம். பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. ஆகவே சரிவில் டிராக்டரின் வேகம் குறையும்போது, பின்னுள்ள பாரம் அதை முன்னே தள்ளி ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். வாய்க்கால் கரையிலோ வரப்புப் பாதையிலோ ஒரு சக்கரம் ஓரத்தை விட்டு இறங்கினாற் போதும், பெட்டி சாயும். நெல் மூட்டை சரிந்தால் நஷ்டத்தோடு போயிற்று. உட்கார இடமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லாத மனிதர்கள் கதி என்ன?

சட்டத்தின் நிலைமையும் தெளிவானது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் டிராக்டரின் பதிவு எண்ணும் அதன்மேல் காணப்பட வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் இன்றி ரஸ்தாவில் செலுத்துவது குற்றம். 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இங்கே கவனிக்கத் தக்கது. செங்கற்சூளைக்கு மண் ஏற்றிய டிரெய்லரில் சென்ற ஒரு தொழிலாளி காயமுற்றார். டிராக்டர் விவசாய உபயோகத்துக்கு மட்டுமே இன்ஷ்யூர் செய்யப்பட்டிருந்தது; டிரெய்லருக்கு இன்ஷ்யூரன்ஸே இல்லை. ஆகையால் கம்பெனி பொறுப்பாளியன்று எனக் கண்ட நீதிமன்றம், தொழிலாளியின் ஏழ்மையை உத்தேசித்து, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. வேன் வாடகையை மிச்சப்படுத்தப் போய், ஒரு நாள் விபத்தால் நிலத்தையே விற்கும்படி நேரலாம் என்பது இதனால் விளங்கும்.

“பஸ் வராத ஊரில் ஆட்கள் வேறு எப்படி வருவார்கள்? வேன் அமர்த்தினால் சாகுபடி கட்டுமா?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஒருவராய் வேன் அமர்த்துவது சிரமந்தான். ஆனால் அண்டை நிலக்காரர் நாலைந்து பேர் சேர்ந்து, ஆட்களை ஏற்ற அனுமதி பெற்ற வண்டி ஒன்றைப் பருவ காலத்துக்கு அமர்த்திக்கொண்டால் செலவு பங்காகிவிடும். தூரம் குறைவாயின் ஆட்கள் நடந்து வரட்டும். நடக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுப்பதே நீதி.

பொருள் ஏற்றும்போதும் அஜாக்கிரதை கூடாது. டிரெய்லரைக் கோக்கும் முளைக்குப் பூட்டூசி இட்டுச் சங்கிலியும் மாட்ட வேண்டும். ரஸ்தாவுக்கு வருமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். சரிவில் கியரை விலக்கி உருளவிடுதல் பெருந் தவறு. இருட்டியபின் செல்லும் பெட்டிக்குப் பின்விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லைகளும் அவசியம். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை ரஸ்தாவிலேயே விட்டுச் செல்வோர், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவன் உயிருக்கு உலை வைக்கிறார்கள்.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சித் தலைவர்களும் பருவம் தொடங்குமுன் கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்துரைப்பார்களாக. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெட்டியில் ஜனங்களை ஏற்றுவதையும் அவர்கள் கண்டும் காணாததுபோல் விடலாகாது. பெரிய நிலக்காரர் ஒருவர் “என் பெட்டியில் ஆள் ஏறக் கூடாது” என்று உறுதியாய்ச் சொன்னால், ஊரில் மற்றவர்களும் அவ்வழியைப் பின்பற்றுவர் என்பது திண்ணம்.