படம் முடிஞ்சதும் எழுந்து போகாதீங்க

நேத்து அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவும்போது கோயில் தம்பிங்களுக்குள்ள ஒரே வாக்குவாதம். எந்தச் சண்டைப் படம் பெஸ்ட்?

என் ஓட்டு 1985-ல் வந்த ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி'க்குத்தான். கடைசியில் ஷாப்பிங் மாலில் விளக்குச் சரம் சுத்தின கம்பியில் சறுக்கி இறங்குவார். கை வெந்தது நிஜம். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டையே உடைஞ்சுது. படம் முடிஞ்சு பேர் ஓடும்போது, பட்ட அடியையும் காட்டுவார்.

இப்போ ஹீரோ இருபது பேரை அடிச்சாலும் சட்டை கசங்குறதில்ல. அதைப் பார்த்துட்டு நம்ம பையன்க ரோட்டில் மோட்டார் சாகசம் பண்றாங்க. ஃபேக்டரியில் சூப்பர்வைசரா சொல்றேன், மெஷினில் போன விரல் திரும்ப வராது.

தம்பிங்களா, அந்தக் கடைசி நிமிஷங்களையும் பாருங்க. அடிபட்டா வலிக்கும்னு ஒத்துக்கிறவர்தான் எனக்கு ஹீரோ. நீங்க என்ன சொல்றீங்க?