பைக்குக் காசு வாங்கும் கடை, பையைத் திரும்ப வாங்குமா?

"பை வேணுமா சார்?" பில் கவுன்டரில் இந்தக் கேள்வி வராத சூப்பர் மார்க்கெட் இன்று கிடையாது. 'ஆமா' என்றால் பில்லின் கடைசி வரியில் பைக்கும் ஒரு விலை ஏறும். 'வேணாம்' என்றால் வாங்கிய சாமானை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வண்டிவரை நடக்க வேண்டும். இப்படிக் காசு வாங்குவது சரியா, அந்தப் பணம் எங்கே போகிறது என்று நின்று கேட்க முடியாது. பின்னால் வரிசை காத்திருக்கும்.

எந்தப் பையைக் கடை கொடுக்கக் கூடாது என்பதில் தமிழக விதி தெளிவாகவே இருக்கிறது. கொடுத்த பை பழசான பிறகு அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் ஓட்டை.

எதற்கெல்லாம் தடை?

2018 ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்ட அரசாணை எண் 84, 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் அமலுக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களை அது தடை செய்தது. கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று: எல்லா அளவிலும் எல்லாத் தடிமனிலும் உள்ள பிளாஸ்டிக் கேரி பேக், பிளாஸ்டிக் பூச்சு கொண்ட பை, 'நான்-ஓவன்' பை.

இந்த மூன்றாவது வகையில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும். ஆனால் அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கண்டுபிடிப்பது சுலபம். துணியில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடும். இதில் நூலே இருக்காது, அச்சு வைத்து அழுத்திய சின்னச் சின்னப் புள்ளிகள்தான் தெரியும்.

120 மைக்ரான் இருந்தால் பரவாயில்லையா?

மத்திய அரசின் விதிப்படி பிளாஸ்டிக் பையின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான். 'எங்க பை 120 மைக்ரான், சட்டப்படி சரிதான்' என்ற வாதம் இதிலிருந்து வருகிறது. தமிழகத்தில் அது எடுபடாது. இங்கே மாநிலத் தடை எந்தத் தடிமனுக்கும் பொருந்தும். உரிய தரக் குறியீடு பெற்ற, மக்கி உரமாகும் பைகளுக்கு மட்டும் அரசாணை விலக்கு தந்திருக்கிறது.

அபராதம் எவ்வளவு?

கடையின் அளவைப் பொறுத்து மாறும். தடை செய்யப்பட்ட பையை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் மால், ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு முதல் முறை 10,000 ரூபாய், இரண்டாம் முறை 15,000, மூன்றாம் முறை 25,000. மளிகைக்கடை, மருந்துக்கடைகளுக்கு 1,000, 2,000, 5,000. சிறு வியாபாரிகளுக்கு 100, 200, 500.

பைக்குக் காசு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பைக்குத் தனிக் கட்டணம் உண்டு, விலை இவ்வளவு என்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். சொந்தப் பையையும் உள்ளே விடாமல், கடைசியில் பில் போடும்போது பைக்குக் காசு கேட்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அதற்கு முந்தைய ஆண்டில் சண்டிகரில் 3 ரூபாய்ப் பைக்காக நுகர்வோர் மன்றம் போன ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கடை 9,000 ரூபாய் கட்ட நேர்ந்தது.

அந்தப் பணம் எங்கே போகிறது?

அயர்லாந்தில் 2002-ல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். ஆண்டுக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 328 ஆக இருந்த பை எண்ணிக்கை 21 ஆகச் சரிந்தது. வசூலான தொகை அரசின் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. கூடுதலாகக் கொடுத்த காசு குப்பைப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் செலவாகிறது என்று மக்களுக்குத் தெரிந்தது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், பிளாஸ்டிக் பை கொடுக்கும் கடைகள் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்து ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று இருந்தது. 2018-ல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். இப்போது பைக்காக வாங்கும் பணம் கடையின் கல்லாவில்தான் தங்குகிறது. பல பைகளில் கடையின் பெயரும் பெரிதாக அச்சாகியிருக்கும். விளம்பரப் பலகையைக் காசு கொடுத்து வாங்கி, வாடிக்கையாளரே தெருத்தெருவாகச் சுமக்கிறார்.

துணிப்பைக்கு மாறினால் தீர்ந்ததா?

2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் துணிப்பையின் பயன், அதை எத்தனை முறை எடுத்துப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை பாதிப்பைக் கணக்கிட்டது. ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு அது இரண்டரை வருடக் கணக்கு. சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் இந்தக் கணக்கில் வராது; அவற்றுக்காகவே பிளாஸ்டிக் பையைத் தடுத்தது சரி. அதற்காக வாரத்துக்கு ஒரு புதுத் துணிப்பை வாங்குவது தீர்வாகாது. பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் கட்டைப்பைகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.

வழி இருக்கிறதா?

தமிழகமே ஒரு வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. அதையடுத்து 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பாட்டிலுக்கு முடிந்தது பைக்கு ஏன் முடியாது?

பை விலையை முன்பணமாக வாங்கட்டும். கிழியாத பையைக் கொண்டுவந்தால், அந்த நிறுவனத்தின் எந்தக் கிளையிலும் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளட்டும். கிழிந்த பையையும் கடையே வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பட்டும். 2022-ல் வந்த வழிகாட்டுதல்களின்படி, பிளாஸ்டிக் பேக்கேஜிங் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் பட்டியலில் பெரிய சூப்பர் மார்க்கெட் தொடர்களும் இருக்கின்றன. அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் நீட்டி, கடை விற்கும் எல்லாப் பைகளுக்கும் பொருத்தினால் போதும்.

'சின்னக் கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?' என்ற கேள்வி நியாயமானது. அபராதத்தில் பெரிய கடை, சின்ன கடை என்று பிரித்த அரசு இதிலும் பிரிக்கலாம். மால், ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட்டில் தொடங்கினாலே போதும். 'சொந்தப் பையை உள்ளே விட்டால் திருட்டு நடக்கும்' என்று சொல்லும் கடைகள், வாசலில் டோக்கன் கொடுத்து வாங்கி வைத்து, பில் போட்டதும் கையில் கொடுக்கலாம்.

விதி மாறும்வரை வாடிக்கையாளர் செய்யக்கூடியது இரண்டு. வண்டியில் நிரந்தரமாக ஒரு பை வைத்திருப்பது. பை விலை வாசலிலேயே எழுதப்படாத கடையில், 'ஏன் எழுதலை?' என்று கேட்பது. அரசு செய்ய வேண்டியது ஒன்று: பையை விற்கும் கடையையே அதைத் திரும்ப வாங்கவும் வைப்பது. அதுவரை பைக்குக் கொடுக்கும் காசு கடைக்கு லாபம். குப்பை மட்டும் ஊருக்கு.