பாயிண்டை யார் அளப்பது?

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கிவிட்டால் காத்திருக்க வழியில்லை. இரண்டு மூன்று நாளுக்குள் அதன் சதையில் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும், மாவுச்சத்து இறங்கும். மஞ்சளைப் போல மூட்டை கட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று எந்தப் பக்கத்துக் காட்டில் ஏற்றிய லோடாக இருந்தாலும், சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் வாசலில் வந்து நிற்கும்போது விவசாயியின் பேரம் பேசும் பலம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருக்கும். பிடுங்கிய கூலி கொடுத்தாயிற்று, லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆலைக்குத் திருப்பினால் இன்னொரு நாள் போகும், அதோடு மாவும் போகும்.

அந்த வாசலில்தான் பாயிண்ட் அளக்கப்படுகிறது. சேலம், நாமக்கல் பகுதியில் மரவள்ளிக்கு விலை எடைக்கு மட்டும் கிடையாது. கிழங்கில் மாவுச்சத்து நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே பாயிண்ட். ஒரு டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுகிறார்கள். கணக்குக்காகப் பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன் லோடு 27 பாயிண்ட் காட்டினால் 81,000 ரூபாய். 26 காட்டினால் 78,000. மாவுக் கணக்கில் பார்த்தால், பத்து டன்னில் ஒரு பாயிண்ட் என்பது ஏட்டளவில் 100 கிலோ மாவு. ஜவ்வரிசியும் மாவும் விற்பனையாகும் 90 கிலோ மூட்டையில் ஒன்றுக்கும் மேல். இந்த ஒரு பாயிண்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பத்து மாத உழைப்புக்கான லாபமும், ஆலையின் அன்றைய லாபமும் அடங்கியிருக்கின்றன.

அளக்கும் தத்துவம் எளிது. கிழங்கைக் காற்றில் ஒரு முறை நிறுத்து, பிறகு கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். மாவு கூடிய கிழங்கு நீருக்குள்ளும் கனக்கும். நீர்த்த கிழங்கு இலேசாகிவிடும். இரண்டு எடையையும் வைத்து அட்டவணையைப் பார்த்தால் பாயிண்ட் தெரியும். பிழை நுழைய இதில் வழிகள் ஏராளம். கூடையை அவசரமாக முக்கினால் கிழங்குகளுக்கிடையே காற்றுக் குமிழ்கள் சிக்கி, எடை குறைந்து பாயிண்ட் இறங்கும். தோலில் செம்மண் ஒட்டியிருந்தால் பாயிண்ட் பொய்யாக ஏறும். கூடைக்குள் போவது நடுத்தரக் கிழங்கா, நுனி வால் கிழங்கா என்பதைப் பொறுத்தும் விடை மாறும். வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி புதிதாகத் துளிர்விட்டிருந்தால், மாதிரியை ஒழுங்காக எடுத்தாலும் பாயிண்ட் உண்மையிலேயே இறங்கியிருக்கும். அப்போது விவசாயி நம்பமாட்டார். ஆலைக்காரர் சொல்வது சரியாகவே இருந்தாலும், அதை நிரூபிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஆலைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் எழுதவில்லை. நேர்மையாக அளக்கும் ஆலைகள் பல. ஆனால் வாங்குபவரே அளந்து, வாங்குபவரே எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டில் நேர்மையானவருக்கும் நேர்மைக்கான பலன் கிடைப்பதில்லை. எல்லா ஆலைகளின் எண்ணும் ஒரே சந்தேகத்தோடுதான் பார்க்கப்படுகிறது. சந்தேகப்படும் விவசாயி முற்றிய கிழங்கோடு முற்றாததையும் சேர்த்துப் பிடுங்குகிறார், மண்ணைத் தட்டாமல் ஏற்றுகிறார். அதை எதிர்பார்த்து ஆலை முன்கூட்டியே கழிவு பிடிக்கிறது. இரண்டு பக்கமும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் இந்த அவநம்பிக்கைக்கான செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக எழுதப்படுவதில்லை. ஆனால் இரு தரப்பும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்து என்ன என்பது சேலத்து ஆலை உரிமையாளர்களுக்குத் தெரியாததல்ல. அவர்களே ஒரு காலத்தில் உண்ட மருந்துதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ச் சரக்கு நின்றபோது, 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார், போபட்லால் ஷா போன்றவர்களின் முயற்சியில் குடிசைத் தொழிலாக இங்கே ஜவ்வரிசி தொடங்கியது. தொழில் வளர்ந்தது, ஆனால் விற்பனை வியாபாரிகள் கையில் இருந்தது. சரக்கை அடுக்க ஆலைக்காரருக்குக் கிடங்கு இல்லை, கையில் காசு இல்லை. முன்பணம் கொடுத்தவர் சொன்னதுதான் தரம், அவர் சொன்னதுதான் விலை. இன்று ஆலை வாசலில் விவசாயி நிற்கும் நிலையில்தான் அன்று ஆலைக்காரர் வியாபாரி முன் நின்றார்.

1981-இல் சேகோசர்வ் பிறந்தது இந்த நிலையை மாற்றத்தான். ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் அந்தக் கூட்டுறவுச் சங்கம் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், பலர் கிடங்கைச் சொல்வார்கள், சிலர் சரக்கின்மேல் கொடுக்கும் முன்பணத்தைச் சொல்வார்கள். நாம் சொல்வது வேறு. அளவை விற்பவர், வாங்குபவர் இருவர் கையிலிருந்தும் எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்ததுதான் அதன் சாதனை. ஆலை சரக்கை இறக்குகிறது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து ரகசிய டெண்டரில் விலை எழுதுகிறார்கள். தரத்தைச் சொல்பவருக்கு அந்த லாட் விற்பதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்த ஒரு ஏற்பாடு, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத மகாராஷ்டிர வியாபாரியையும் மல்லூர் ஆலைக்காரரையும் ஒரே சங்கிலியில் கட்டிப்போட்டது.

சங்கிலியின் ஒரு முனையில் செய்ததை மறுமுனையில் செய்யாமல் விட்டுவிட்டோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜவ்வரிசிக்கு ஒரு பொது ஆய்வகம் உண்டு, கிழங்குக்கு இல்லை. லாரி ஏறும் எடைமேடைக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை கேட்கிறோம். பாயிண்ட் சொல்லும் கூடைத் தராசுக்கு அதே கண்டிப்போடு முத்திரை கேட்பதில்லை. கிழங்கு விலை இறங்கும் ஒவ்வொரு பருவத்திலும் ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் நடக்கிறது. விவசாயிகளும் ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் ரூபாயைச் சுற்றியே போகிறது. பாயிண்டுக்கு எவ்வளவு என்பதில் வெற்றி பெற்றுத் திரும்பும் விவசாயி, எத்தனை பாயிண்ட் என்பதில் தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?

கரும்பில் இந்தச் சண்டையை உலகம் எப்போதோ பார்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1915-இலேயே கரும்பு விலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விவசாயிகளும் ஆலைகளும் உட்காரும் வாரியங்கள் அமைந்தன. கரும்பின் சர்க்கரை அளவை வைத்து விலை என்றால், ஆலையின் ஆய்வைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தானியங்கிக் கருவி வைத்த நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில், காலையில் நாலு லிட்டர் ஊற்றும் அம்மா கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்பதைத் திரையில் பார்த்துவிட்டுச் சீட்டோடு வீட்டுக்குப் போகிறார். பத்து டன் கிழங்கு கொண்டுவருபவருக்கு அந்தச் சீட்டு கிடைக்காமல் இருக்க நியாயமே இல்லை.

ஆகவே, கொள்முதல் ஒப்பந்தம் எழுதும் ஆலை மேலாளர்களுக்கும், விவசாயிகள் சார்பில் பேசும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் நாம் முன்வைப்பது இது. மாதிரியை லாரியின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் இரு தரப்பு முன்னிலையில் எடுங்கள். கழுவி, ஈரம் வடித்து, குமிழ் போக அசைத்துவிட்டு நிறுங்கள். காற்றெடை, நீரெடை, பாயிண்ட், மண்கழிவு என்ற நாலு எண்ணும் ஒரே சீட்டில் அச்சாகி விவசாயி கைக்குப் போகட்டும். ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் இரண்டாம் மாதிரி. அதிலும் தகராறென்றால் அன்றே போய்ச் சேரும் தூரத்தில் ஒரு பொதுத் தராசு. அந்தப் பொதுத் தராசைச் சேகோசர்வ் நடத்தலாம், ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டலாம். யார் நடத்தினாலும், அதற்கு அந்த லோடில் பங்கு இருக்கக்கூடாது. கருவிச் செலவு ஒரு பருவத்தின் தகராறுச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அளவு சரியானால், விலையையும் ஒரு சூத்திரத்தில் கட்டலாம். சர்க்கரைக்கு 2012-இல் ரங்கராஜன் குழு, ஆலையின் வருவாயில் கரும்புக்கு இத்தனை பங்கு என்று வகுத்தது: சர்க்கரையும் துணைப்பொருளும் சேர்ந்த வருவாயில் 70 சதவீதம், சர்க்கரை மட்டும் என்றால் 75. மரவள்ளிக்கு அந்த எண் பொருந்தாது; மின்சாரம், கூலி, உலர்த்தும் களம், அரைத்து மிஞ்சும் திப்பியை விற்ற பணம் எல்லாம் வேறு. முறை பொருந்தும். முந்தைய வாரங்களில் சேகோசர்வ் டெண்டரில் சரக்கு உண்மையாகப் போன விலையின் சராசரியை எடுத்து, பாயிண்ட் விலையை அதோடு சேர்த்து ஏறவும் இறங்கவும் விடலாம்.

'உண்மையாகப் போன விலை' என்று அழுத்திச் சொல்லக் காரணம் நாமக்கல்லிலேயே இருக்கிறது. முட்டைக்கு 1982 முதல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது. பண்ணையில் வியாபாரி வந்து நின்றதும் அதில் 'மைனஸ்' போட்டுத்தான் எடுப்பார். அறிவித்த விலை ஒன்று, கைக்கு வந்த விலை இன்னொன்று என்ற வேதனையைப் பண்ணைக்காரர்கள் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். டெண்டரில் கைமாறிய விலைக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமானால் சரக்கு டெண்டருக்கு வர வேண்டும். சங்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே நேரடியாக விற்கும் ஒவ்வொரு லோடும் அந்தச் சராசரியை மெலிய வைக்கிறது. இன்றைக்கு மூட்டைக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று வெளியே விற்கும் உறுப்பினர், தன் தொழிலுக்கே உரிய ஒரே நம்பகமான விலையை அரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆலைகளின் கஷ்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஜவ்வரிசியின் பெரும்பகுதி வடக்கே, நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் சிராவண மாத விரதங்களுக்கும் கிச்சடியாகிறது. தேவை அங்கே பண்டிகையை ஒட்டி வருகிறது, கிழங்கு இங்கே அறுவடையை ஒட்டி வருகிறது. நடுவில் இருப்பு வைத்து வட்டி கட்டுவது ஆலைதான். தோல் உரிக்காமல் அரைத்து ரசாயனத்தால் வெளுப்பவரோடும், மக்காச்சோள மாவைக் கலப்பவரோடும் விலையில் போட்டி போடுவதும் நேர்மையான ஆலைதான். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு இந்தக் கலப்படத்துக்கு எதிரான ஆயுதம். ஆனால் கலப்பில்லாத மரவள்ளி ஜவ்வரிசி என்று முத்திரை குத்த வேண்டுமானால், எந்த ஆலை எவ்வளவு கிழங்கு வாங்கியது, அதில் எத்தனை பாயிண்ட் மாவு, எத்தனை மூட்டை விற்றது என்ற கணக்கு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வாசலில் கொடுக்கும் அந்த நாலு எண் சீட்டு இங்கே ஆலைக்கே சாட்சியாகிறது. வாங்கிய மாவைவிட விற்ற மாவு கூடியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

பணம் கொடுக்கும் நாள் இன்னொன்று. குறு, சிறு தொழில் என்ற முறையில், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலை தன் வாடிக்கையாளரிடம் 45 நாளுக்குள் பணம் கேட்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு வந்தபின் தாமதிப்பவருக்கு வரியிலும் வலிக்கிறது. கிழங்கு போட்ட விவசாயிக்கு அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே பணம் தரும் நாளை ஒப்பந்தத்தில்தான் எழுத வேண்டும். அதற்கு 2019-இல் தமிழ்நாடு இயற்றிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் ஒரு சட்டகத்தைத் தந்திருக்கிறது. தரம், விலை, பணம் தரும் காலம் மூன்றையும் எழுதிப் பதிவு செய்ய அது வழி திறந்தும், மரவள்ளியில் வாய்ப்பேச்சும் புரோக்கரின் முன்பணமுமே இன்னும் ஓடுகின்றன.

கிழங்குக் காட்டைக் காப்பதிலும் ஆலைக்குப் பங்கு உண்டு. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே நம் மாவட்டங்களுக்குள் புகுந்து நுனிகளைச் சுருட்டியது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. 2022-இல் ஏத்தாப்பூரிலிருந்து அது வயல்களுக்குள் விடப்பட்டது. ஆப்பிரிக்காவின் மரவள்ளியை 1980-களில் காப்பாற்றிய அதே குளவி. அந்தப் பணிக்காகப் பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆய்வு நிலையங்கள் தங்கள் வேலையைச் செய்தன. தேமல் நோய் இல்லாத விதைக்கரணையை ஒரு வட்டாரத்துக்குத் தயாரித்துக் கொடுப்பது ஆலைகள் சேர்ந்து செய்யக்கூடிய காரியம். கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் வாங்க நாமக்கல்லில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள். இரண்டு பருவம் பாயிண்டில் மனம் கசந்த விவசாயி மக்காச்சோளத்துக்கு மாறினால், ஆலையின் அரவை எந்திரம் வெறுமனே நிற்கும்.

இதெல்லாம் அறுவடை நேரத்தில் பேசினால் நடக்காது. ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டிய பிறகு யாரும் தராசைத் திருத்தமாட்டார்கள். பாயிண்ட் முறை, மாதிரி எடுக்கும் விதம், பணம் தரும் நாள் ஆகியவை கரணை ஊன்றும் பருவத்திலேயே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதல் லோடு வருமுன் தராசுகளை இரு தரப்பும் சேர்ந்து சரிபார்த்திருக்க வேண்டும். அடுத்த முத்தரப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கிழங்கு விலைக்கு மேலே, முதல் பொருளாக, இதை எழுதுங்கள். முதல் பருவத்துக்கு ஐந்தாறு ஆலைகள் தாமாக முன்வந்தால் போதும். எந்த ஆலையில் சீட்டு தருகிறார்கள் என்ற செய்தி சேந்தமங்கலத்திலும் தலைவாசலிலும் டீக்கடைக்கு டீக்கடை பரவ ஒரு வாரம் ஆகாது.