மழலையர் காலையுணவும் சீனிப் பேணியும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரின் வீடுகளிலே நீரிழிவு இன்று புதினமான நோயன்று. நாற்பது வயதை எட்டுமுன்னரே மாத்திரைப் பெட்டியுடன் வேலைக்குச் செல்வோர் எமது உறவினர் வட்டத்தில் ஒருவரேனும் இல்லாமலில்லை. பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு அந்நாட்டின் வெள்ளையினத்தவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மையாகும். இதனைப் பரம்பரை என்றும் தலைவிதி என்றும் கூறி அமைதி கொள்வது எமது வழக்கம். பரம்பரைக்கு இதிற் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், குழந்தைக்கு நாம் முதன்முதலில் ஊட்டும் உணவுக்கும் பங்குண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் உணர்த்துகின்றன. ஆதலாற்றான், சமையலறையின் சிறு விடயமெனத் தோன்றும் ஒன்றைப்பற்றி இன்று இப்பத்தியில் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானியாவிற் சீனி பங்கீட்டு முறையில் அளந்தே வழங்கப்பட்டது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1953 செப்ரெம்பரிலேயே அக்கட்டுப்பாடு நீங்கியது. நீங்கியதும் ஒருவரின் நாளாந்தச் சீனி நுகர்வு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தது. கட்டுப்பாடு நீங்குவதற்குச் சற்று முன்னரும் பின்னரும் பிறந்த ஏறத்தாழ 60,000 பேரின் உடல்நலத்தை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2024ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. கருவில் உருவான நாள் தொடக்கம் முதல் ஆயிரம் நாட்களைச் சீனிக் கட்டுப்பாட்டின் கீழ்க் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதமும், உயர் குருதியமுக்கம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதமும் குறைந்திருந்தன. நோய் கண்டவர்களுக்குக்கூட நீரிழிவு சராசரியாக நான்கு ஆண்டுகள் பிந்தியே வந்தது. இந்நன்மையின் ஒரு பகுதி தாயின் கருப்பையிலேயே கிட்டியது. மிகுதி, குழந்தை ஆறு மாதத்தைக் கடந்து திண்ம உணவு உண்ணத் தொடங்கிய பின்னரே வலுப்பெற்றது. 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று எமது முன்னோர் கூறியதை இங்கு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பற்றாக்குறையிலிருந்து நிறைவுக்கு வந்த அந்த மக்களின் கதை எமக்கு அந்நியமானதன்று. 1990களிலே பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் சீனியின் அருமையை அறிவர். சிறு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்திய காலமது. அன்று கைக்குழந்தைக்குப் பால்மா தேடி அலைந்த தாய்மார் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளை வளர்க்கின்றனர். தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது போனதைப் பேரப்பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்க அவர்கள் விழைவதில் வியப்பில்லை. கஞ்சிக்கு இரண்டு கரண்டி சீனி, இடியப்பத்துக்குச் சீனியிட்ட பால், பாணுக்கு ரின்பால், தேநீரில் தோய்த்த றஸ்க் என்று காலைவேளையில் எமது குழந்தைகளுக்குக் கிடைப்பன யாவும் அன்பினால் ஊட்டப்படுபவையே. அவ்வன்பை எவரும் குறைகூற முடியாது. ஆனால் அந்த ரின்பாலில் ஏறத்தாழ அரைவாசி சீனி என்பதை அறிந்த பின்னரும் அதனை ஒரு வயதுக் குழந்தையின் வாயில் வைப்பது அறிவுடைமையாகாது.

குழந்தைக்கு இனிப்பே ஆகாது என்பது எமது வாதமன்று. பிறந்த குழந்தை இயல்பாகவே இனிப்பை விரும்புகிறது, தாய்ப்பாலும் இனிப்பானதே. அவ்விருப்பத்தை எதனால் நிறைவு செய்கிறோம் என்பதே கேள்வி. சீனி, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டுமென 2015இல் வழிகாட்டிய உலக சுகாதார நிறுவனம், முழுப்பழத்திலுள்ள இனிப்பை அக்கணக்கிற் சேர்க்கவில்லை. பழத்தின் இனிப்பு நாருடனும் நீருடனும் விற்றமின்களுடனும் சேர்ந்தே வருகிறது. வயிறும் விரைவில் நிறைகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது நிறையும் வரையான குழந்தைகளுக்குச் சீனி மிகுந்த உணவும் இனிப்புப் பானங்களும் கொடுக்கலாகாது என அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகவே கூறுகிறது.

இதற்குப் பெருஞ்செலவோ புதிய கலையோ வேண்டியதில்லை. புட்டும் வாழைப்பழமும், புட்டும் மாம்பழமும் எமது ஊரின் காலையுணவுகள். சீனியின்றியே அவை இனித்தன. ஒரு மேசைக்கரண்டி குரக்கன் மாவை அரைக் கோப்பை நீரிற் கட்டிபடாமற் கரைத்து, மெல்லிய நெருப்பில் ஐந்தாறு நிமிடம் துழாவிக் காய்ச்சி, ஆறியபின் நன்கு கனிந்த அரை வாழைப்பழத்தை மசித்துக் கலந்தால் ஒரு குழந்தையின் காலையுணவு ஆயத்தம். பனிநாடுகளில் அப்பிளும் ஓட்சும் மலிவு. இரண்டு மேசைக்கரண்டி ஓட்சுடன் தோல் நீக்கித் துருவிய அரை அப்பிளைச் சேர்த்து அவித்தால், அப்பிளின் இனிப்பே போதுமானதாகும். பேரிக்காயும் இவ்வாறே. சுவிற்சர்லாந்தின் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் அறிந்துகொள்ளும் மூஸ்லியும், 1900ஆம் ஆண்டளவில் சூரிச் நகர மருத்துவர் பிர்ச்சர் பென்னர் துருவிய அப்பிளை முதன்மையாக வைத்து உருவாக்கிய உணவேயாகும்.

ஆறாம் மாதத்தில் நன்கு மசித்தும், எட்டாம் ஒன்பதாம் மாதங்களிற் சிறு கட்டிகளுடனும் கொடுத்தால் குழந்தை மெல்லக் கற்றுக்கொள்ளும். ஆறு மாதத்தின் பின்னர் குழந்தையின் உடலில் இரும்புச்சத்தின் சேமிப்புக் குறையத் தொடங்குவதால், வெறும் அரிசிமாக் கூழுடன் நின்றுவிடாது அவித்த பயற்றையோ நன்கு வெந்த முட்டையையோ இடையிடையே சேர்ப்பது அவசியம். தோடம்பழம், பப்பாசி, மாம்பழம் ஆகியவற்றிலுள்ள விற்றமின் சி, தானியத்திலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவும். தேநீர் அதனைத் தடுக்கும். சீனிக்குப் பழகிய குழந்தை முதலில் முகம் சுளிக்கலாம். புதிய சுவையொன்றைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்துத் தடவைகள் ஆவதுண்டு. இரண்டாம் நாளே சீனிப் பேணியைத் திறந்துவிடலாகாது.

சில மயக்கங்களையும் நீக்கிக்கொள்ள வேண்டும். பனங்கட்டியும் சர்க்கரையும் ஊர்ப்பொருட்களாயினும் குழந்தையின் உடலுக்கு அவையும் சீனியே. தேனை ஒரு வயதுக்கு முன் நாவிலே தொட்டுவைப்பதும் ஆபத்தானது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உயிருக்கே கேடு விளைவிக்கலாம். பேரீச்சம்பழம் நல்லதெனினும் பல்லில் ஒட்டுவது. விதை நீக்கி ஊறவைத்து அளவோடு மசித்துக் கொடுக்கலாம். பழத்தைப் பிழிந்து சாறாக்கினால் நாரின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். உறிஞ்சும் பைகளில் விற்கப்படும் பழக்கூழைக் கிண்ணத்திற் பிழிந்து கரண்டியால் ஊட்டுவதே பல்லுக்கு நல்லது. முந்திரிகைப்பழத்தை நீளவாக்கில் நான்காக வெட்டியே கொடுக்க வேண்டும். முழுக் கச்சான், கஜு போன்றவற்றை ஐந்து வயது வரை தவிர்க்க வேண்டும், மூச்சுக்குழலில் அடைத்துவிடும்.

வணிகத்தின் பங்கையும் இங்கு சொல்லாதிருக்க முடியாது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' அமைப்பு, குழந்தை உணவு தொடர்பான சர்வதேசச் செயற்பாட்டு வலையமைப்புடன் இணைந்து 2024 ஏப்ரலில் அறிக்கையொன்றை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனத்தின் செரலாக் உணவில், இந்தியாவில் விற்கப்பட்டவற்றில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சேர்க்கப்பட்ட சீனி இருந்ததாகவும், அந்நிறுவனம் தன் தாயகமான சுவிற்சர்லாந்தில் அதே வயதுக் குழந்தைகளுக்கு விற்ற தானிய உணவுகளிற் சீனி சேர்க்கப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. உள்நாட்டு விதிகளுக்கு அமைவாகவே நடப்பதாகவும், சீனியைக் குறைத்து வருவதாகவும் நிறுவனம் பதிலளித்தது. செல்வந்த நாட்டுக் குழந்தைக்கு வேண்டாததென ஒதுக்கப்பட்ட சீனி வறிய நாட்டுக் குழந்தைக்கு எவ்வாறு பொருந்தும் என்ற வினா அப்பதிலால் தீரவில்லை. ஊரிலுள்ள உறவினருக்குப் பணமும் பொருளும் அனுப்பும் எமக்கு இவ்வினாவில் நேரடித் தொடர்புண்டு. பேணியின் முன்புறத்துப் படத்தை விடுத்துப் பின்புறத்திலுள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்கும் வழக்கம் எம்மிடையே வளர வேண்டும். சீனி என்ற சொல் அங்கு இல்லாவிடினும், குளுக்கோஸ் பாகு, செறிவாக்கிய அப்பிள்சாறு என்ற பெயர்களில் அது ஒளிந்திருக்கக்கூடும்.

இப்பொறுப்பைத் தாய்மாரின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியன்று. விடியுமுன்னரே துப்புரவு வேலைக்குச் செல்லும் தாயும், இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தையும் வாழும் வீட்டிற் கடைப்பொதி கைக்கெட்டியதாக இருப்பது ஏனென்று நாமறிவோம். ஆயினும் ஒரு வாழைப்பழத்தை மசிக்க ஒரு நிமிடமே போதும். அப்பிளை அவித்து மசித்துச் சிறு கிண்ணங்களில் உறையவைத்தால் ஒரு வாரத்துக்கு உதவும். இவ்வேலையைத் தந்தையர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கலாம். பேரப்பிள்ளைகளைப் பராமரிக்கும் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும், தாம் ஊரில் ஊட்டிய குரக்கன் கூழையும் பழத்தையும் மீண்டும் கையிலெடுக்கலாம். இளம் பெற்றோரின் வார்த்தையைவிட அவர்களின் கைப்பழக்கமே வீட்டில் விரைவாக மாற்றம் கொண்டுவரும்.

எமது தலைமுறை இழந்தவை பல; அவற்றுட் பெரும்பாலானவற்றை மீட்கும் ஆற்றல் எம்மிடம் இருக்கவில்லை. பிள்ளைகளின் உடல்நலம் அவ்வாறானதன்று. அதன் தொடக்கம் இன்னமும் எமது கையிலேயே, எமது சமையலறையிலேயே இருக்கிறது. நாளைக் காலை குழந்தையின் கிண்ணத்தை நிரப்பும்போது சீனிப் பேணியைத் தட்டின் உயரத்திலேயே விட்டுவிட்டு, பழத்தட்டை அருகில் இழுத்துக்கொள்ளுமாறு எமது வாசகர்களை வேண்டுகின்றோம்.