ஒரே மண்ணில் இருவேறு சட்டம்

மேற்குக்கரையின் சாலை ஒன்றில் இளைஞர் இருவர் கல்லெறிகின்றனர் என்று கொள்க. ஒருவன் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பாலத்தீனன். மற்றவன் அருகிலுள்ள குன்றின்மேல் இசுரேல் அரசின் துணையோடு எழுந்த குடியேற்றத்தில் வாழும் யூதன். சாலை ஒன்று, செயலும் ஒன்று. ஆயின் முன்னவனைப் பிடிப்பது படை. அவனை உசாவுவது படைமன்றம். அவனுக்குரிய சட்டம் படைத்தலைவரின் ஆணை. பின்னவன் பிடிபட்டால் (பிடிபட்டால் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்) அவனை உசாவுவது இசுரேலின் பொது முறைமன்றம். அவனுக்குரியது அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். இசுரேலியனை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும். பாலத்தீனனோ 96 மணி நேரம் வரை நடுவர் முகம் காணாமலே அடைபட்டுக் கிடக்கலாம். ஒரு நிலத்தில் வாழ்வோர் அனைவர்க்கும் அந்நிலத்தின் சட்டம் ஒன்றே என்பது உலக நடைமுறை. அங்கோ சட்டம் மாந்தரின் பிறப்பைப் பார்த்து மாறுகின்றது. பிறப்பைப் பார்த்துத் தண்டம் வேறுபடும் முறை எத்தகையது என்பதை மனுநூலின் கொடுமையை அறிந்த தமிழர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இஃது இடையில் நேர்ந்த பிழையன்று. 1967 சூன் 7 அன்று மேற்குக்கரையைக் கைப்பற்றிய படைத்தலைவர், சட்டம் இயற்றுதல், ஆளுதல், முறைசெய்தல் ஆகிய மூன்று ஆற்றலும் இனித் தம்முடையனவே என்று அறிக்கையிட்டார். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் வெளிவந்த 101ஆம் ஆணை, இசைவின்றிப் பத்துப் பேர் அரசியல் நோக்கத்தோடு கூடினாலே பத்தாண்டு வரை சிறை என்றது. அதே ஆண்டில்தான், மேற்குக்கரையில் இருக்கும் இசுரேலியர்க்கு மட்டும் அவர்தம் நாட்டுச் சட்டம் உடன்வரும் என்னும் நெருக்கடிக்கால விதியும் பிறந்தது. பெயர்தான் நெருக்கடிக்காலம், தலைமுறை இரண்டு கடந்தும் அது புதுப்பிக்கப்பட்டே வருகின்றது. 2022 சூனில் அதன் புதுப்பிப்பு வாக்கெடுப்பில் தோற்றது. அன்றைய ஆட்சி என்ன செய்தது? நாடாளுமன்றத்தையே கலைத்தது, அவை கலைந்தால் விதி தானே நீளும் என்பது அந்நாட்டு ஏற்பாடு. 2023 சனவரியில் புதிய அவை அதனை மீண்டும் நீட்டித்தது. ஆட்சி கவிழ்ந்தாலும் கவிழட்டும், இரட்டைச் சட்டம் மட்டும் கவிழக் கூடாது என்னும் உறுதியை இதனினும் தெளிவாகக் காட்ட இயலுமா?

இரமல்லாவுக்கு அருகில் ஓபரிலும், செனீனுக்கு அருகில் சாலேமிலும் அப்படைமன்றங்கள் நடக்கின்றன. அவற்றின் 2010ஆம் ஆண்டு அறிக்கையை இசுரேலிய நாளிதழான ஆரெட்சு மறு ஆண்டு வெளியிட்டது. அதன்படி, முடிவுற்ற வழக்குகளில் 99.74 விழுக்காட்டில் குற்றத்தீர்ப்பே வழங்கப்பட்டிருந்தது. எங்கும் இல்லாத இத்திறமை எப்படி வாய்த்தது? வழக்கை முழுமையாக நடத்தினால் தீர்ப்பு வருமுன் கழியும் சிறைக்காலம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கிடைக்கும் தண்டத்தினும் நீளும். ஆதலால் பெரும்பாலோர் செய்தாலும் செய்யாவிடினும் ஒப்புக்கொண்டு விடுகின்றனர். குற்றமற்றவன் வீடு திரும்புவதற்குக் குறுக்குவழி, குற்றவாளி என்று தானே கையொப்பமிடுவது!

அக்கையொப்பத்தைத்தான் எந்த மொழியில் இடுகின்றான்? படைமன்றத்தின் மொழி எபிரேயம். உசாவப்படுபவன் மொழி அரபு. இடையில் நின்று மொழிபெயர்ப்பவனும் படைவீரனே. படைக்காவலில் உள்ள பாலத்தீனக் குழந்தைகளைப் பற்றி 2013இல் அறிக்கை வெளியிட்ட ஒன்றிய நாடுகள் அவையின் குழந்தைகள் அமைப்பு, தமக்குப் புரியாத எபிரேயத்தில் எழுதிய ஒப்புதல் தாள்களில் சிறுவர் கையொப்பமிட வைக்கப்படுவதையும், அவர்கள் கொடுமைக்கு ஆளாவது ஆங்காங்கு நிகழும் ஒன்றாயன்றி ஒரு முறைமையாகவே நடப்பதையும் எடுத்துரைத்தது. இசுரேலின் எல்லைக்குள்ளும் அரபு மொழி தாழ்த்தப்பட்டுவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் 1922 முதல் ஆட்சிமொழியாய் இருந்த அதனை, 2018 சூலையில் இயற்றிய நாட்டினச் சட்டம் அந்நிலையினின்று இறக்கியது. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியும் இன்றும் அங்கே ஆங்கிலமே கோலோச்சுகின்றது. தன் வழக்கில் தன்னைப் பற்றிப் பேசப்படுவது தனக்கே விளங்காமல் நிற்கும் ஒருவனின் நிலையைத் தமிழன் ஓரளவு அறிவான். ஓரளவுதான், மொழிபெயர்ப்பவன் தோளில் துமுக்கி தொங்குவதை அவன் அங்குக் காண்பதில்லை.

வழக்கென ஒன்று இருந்தாலன்றோ மொழியைப் பற்றிய பேச்சு? வழக்கே இல்லாத சிறையும் உண்டு. ஆளுகைத் தடுப்புக்காவல் என்பது அதன் பெயர். 1945இல் ஆங்கிலேயர் இயற்றிய பாதுகாப்பு நெருக்கடி விதிகளில் வேர்கொண்டது அது. (அவ்விதிகளை அன்று யூதர்க்கு எதிராகவும் ஆங்கிலேயர் பயன்படுத்தியபோது யூத வழக்கறிஞர்களே அவற்றைக் கண்டித்தனர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.) ஆறு திங்கள் சிறை; முடிந்ததும் மேலும் ஆறு திங்கள்; எத்தனை முறை என்பதற்கு வரம்பில்லை. சான்று கமுக்கமானது, சிறைப்பட்டவனுக்கும் அவன் வழக்கறிஞருக்கும் காட்டப்படாது. கோவலனை உசாவாமல் கொன்ற பாண்டியனும், கண்ணகி வந்து நின்றபோது அவளை அவைக்கு அழைத்தான். சிலம்பு எல்லாருங் காண உடைக்கப்பட்டது. உள்ளிருந்த பரல் வழக்கை முடித்தது. உடைத்துக் காட்டப்படாத சிலம்பைக் கொண்டு அங்கே மூவாயிரவர்க்கும் மேற்பட்டோர் 2024இல் அடைபட்டுக் கிடந்தனர். அவ்வாண்டு நவம்பரில் இசுரேலின் பாதுகாப்பு அமைச்சர், மேற்குக்கரையின் யூதக் குடியேறிகள்மீது இத்தடுப்புக்காவலை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். முறை தீதென்று கண்டு நீக்கினாரா? அன்று, தம்மவர்க்கு மட்டும் நீக்கினார்.

இந்நிலையில், பாலத்தீனர்க்குச் சட்டத்தின் ஆட்சியும் முறைமன்றத்தின் வாயிலும் கிட்டச் செய்யும் பணிகளைப் பற்றித் தமிழுணர்வாளர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பாலத்தீனம் என்றதும் கண்டனக் கூட்டம், தீர்மானம், முழக்கம். அவை வேண்டாதன அல்ல. ஆயினும் ஓபரில் அடைபட்ட பதினாறு அகவைச் சிறுவனுக்கு அன்றைக்கு வேண்டியது அவன் மொழி பேசும் ஒரு வழக்கறிஞர். அவ்வழக்கறிஞரை யார் அனுப்புவது, அவர்க்கு ஊதியம் யார் தருவது என்பதே கேள்வி.

அப்பணி எவ்வளவு எளிய இடத்தில் தொடங்கியது என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். 1979இல் இரமல்லாவில் இராசா செகாதே முதலிய வழக்கறிஞர் சிலர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். பின்னாளில் அது அல்-அக்கு என்று பெயர்பெற்றது. படையின் ஆணைகளோ நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. அவற்றைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் வழியோ இல்லை. எந்த ஆணையை மீறினோம் என்பதையே அறியாமல் மக்கள் சிறைப்பட்டனர். ஆகவே அவ்வழக்கறிஞர் செய்த முதற்பணிகளுள் ஒன்று அவ்வாணைகளைத் தேடித் திரட்டிப் படித்து, அவற்றின் பொருளை உலகுக்குச் சொன்னது. 1980இல் செகாதேயும் சோனத்தான் குத்தாபும் எழுதிய நூல், மேற்குக்கரையின் சட்ட நிலையை உலகச் சட்ட அறிஞர் முன் வைத்தது. அக்கு என்னும் அரபுச் சொல்லுக்கு உண்மை என்றும் பொருள். உரிமை என்றும் பொருள். தமிழில் முறை என்னும் சொல் ஒழுங்கையும் நயன்மையையும் உறவையும் ஒருங்கே குறிப்பதும், குறையுற்றவன் மன்றத்தில் போய் முறையிடுவதும் போன்றதே இது. சொல்லின் வேரிலேயே உரிமையை உண்மையோடு பிணைத்து வைத்த மக்கள் அவர்கள்.

இங்கு ஒரு தடை எழும். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கொடுங்கோலின் மன்றத்தில் போய் வழக்காடுவது அம்மன்றத்திற்கு மதிப்பூட்டுவது ஆகாதா? இதனை எழுப்பியவர் வெளியே நின்று பேசியவர் அல்லர். போலந்தில் பிறந்து இசுரேலில் வாழ்ந்த பெலிசியா இலாங்கர் என்னும் யூதப் பெண்மணி, 1967 முதல் இருபதாண்டுக்கு மேலாகப் பாலத்தீனர்க்காகப் படைமன்றங்களில் வாதாடியவர். 1990இல் அவர் தம் அலுவலகத்தை மூடினார். தம் வழக்காடல் அம்முறைகேட்டிற்கு ஓர் ஒப்பனையாகிவிட்டது என்பது அவர் முடிவு. வென்ற வழக்குகளின் கதையும் அவர்க்கே துணை நிற்கும். நாபுலசுக்கு அருகே உருசீபு என்னும் சிற்றூரின் நிலத்தைப் படைத்தேவை என்று சொல்லிப் பறித்து எலோன் மோரே என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். ஊரார் இசுரேலின் உச்சமுறைமன்றம் சென்றனர். 1979 அட்டோபரில் வென்றனர். குடியேற்றம் அங்கிருந்து அகன்றது. ஆனால் அத்தீர்ப்புக்குப்பின் ஆட்சியாளர் வேறு வழி கண்டனர். துருக்கியர் 1858இல் இயற்றிய நிலச்சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பயிரிடாது கிடந்தவை என்று கூறிப் பல்லாயிரம் காணி நிலத்தை அரசு நிலமாக அறிவிக்கத் தொடங்கினர். ஓர் ஊர் பிழைத்தது. ஊர்கள் பல இழந்தன.

இலாங்கரின் முடிவு மதிக்கத்தக்கது, பின்பற்றத்தக்கதன்று. அவர் அலுவலகத்தை மூடியதால் படைமன்றம் ஒன்றேனும் மூடப்படவில்லை. வழக்கறிஞர் வராத நாளில் தீர்ப்பு விரைந்து முடிந்தது என்பதன்றி வேறென்ன நடக்கும்? ஓராண்டுச் சிறை ஒன்பது திங்களாகக் குறைந்தால் அம்மூன்று திங்களும் ஒரு தாய்க்குச் சிறிதல்ல. அன்றியும், வாதாடுபவன் ஒவ்வொரு நாளும் ஓர் ஆவணத்தை விட்டுச் செல்கின்றான். எழுதிவைக்கப்படாத கொடுமையை எந்தப் பன்னாட்டு மன்றமும் உசாவ இயலாது. 2004 சூலையில் பிரிப்புச் சுவரைப் பற்றியும், 2024 சூலை 19 அன்று வலுக்கைப்பற்றுகை முழுவதையும் பற்றியும் பன்னாட்டு முறைமன்றம் தன் கருத்தை வழங்கியது. அவ்வலுக்கைப்பற்றுகை சட்டத்திற்குப் புறம்பானது, விரைவில் முடிக்கப்படவேண்டியது என்றது. அக்கருத்தைச் செயற்படுத்தக் கோரி அவ்வாண்டு செபுதம்பரில் ஒன்றிய நாடுகள் பேரவையில் வந்த தீர்மானத்தை 124 நாடுகள் ஏற்றன. 1988லேயே பாலத்தீனத்தை நாடாக ஏற்ற இந்தியா அன்று வாக்களியாமல் ஒதுங்கி நின்றது. காந்தியின் பெயரை நாடோறும் ஓதும் தில்லியின் நடுநிலை அத்தகையது!

பாலத்தீனரின் சொந்த வீட்டையும் பார்க்காமல் விடுவது நட்பாகாது. அங்குக் கடைசியாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2006இல். 2018 திசம்பரில் அவ்வவையும் கலைக்கப்பட்டது. மறு ஆண்டு சூலையில் உயர் நடுவர் குழுவைத் தலைவர் அப்பாசு கலைத்தார். ஆணைகளே சட்டமாயின. ஆட்சியைக் குறைகூறி வந்த நிசார் பனாத்து 2021 சூனில் பாலத்தீனக் காவலரின் பிடியில் இறந்தார். 2022 சூலையில் பாலத்தீன வழக்கறிஞர்களே ஆணைச் சட்டங்களை எதிர்த்து இரமல்லாவில் அணிவகுத்தனர். அயலான் தண்டம் கொடிது என்பதால் தன்னவன் தண்டம் இனிதாகிவிடாது. ஒன்றிய நாடுகள் அவையின் வளர்ச்சி அமைப்பும் மகளிர் அமைப்பும் 2014இல் தொடங்கி, பின்னர்க் குழந்தைகள் அமைப்பும் சேர்ந்து நடத்திய திட்டத்திற்கு, யாவரும் நிகர் என்று பொருள்படும் சவாசியா என்னும் அரபுச் சொல்லையே பெயராக இட்டனர். ஏழைக்கு வழக்கறிஞர், உடன்பிறந்தாரால் பங்கு மறுக்கப்பட்ட பெண்ணுக்குத் துணை, சிறுவர்க்குத் தனி மன்றம் என்பன அதன் நோக்கங்கள். நல்லனவே. ஆனால் பொருள் வழங்கும் ஐரோப்பிய நாடுகள் மன்றக் கட்டடமும் கணிப்பொறியும் தந்து மனநிறைவு கொண்டுவிடுகின்றன. 1995 உடன்படிக்கைப்படி பாலத்தீன முறைமன்றம் இசுரேலியன் ஒருவனைக் குற்றம் உசாவ இயலாது. மேற்குக்கரையின் அறுபது விழுக்காட்டு நிலத்தில் பாலத்தீனக் காவலர் தாமாகக் காலடி வைக்கவும் இயலாது. இச்சுவரைப் பற்றிப் பேசாத உதவி அரையுதவியே.

காசாவின் நிலையோ சொல்லுந்தரமன்று. 2023 திசம்பரில் அதன் தலைமை முறைமன்ற மாளிகையை இசுரேல் படை வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கு முந்தைய திங்களில் காசா நகராட்சியின் ஆவணக் காப்பகம் எரிந்து அழிந்தது. இறந்தவர்க்கு இறப்புச் சான்று வேண்டும். கைம்பெண்ணுக்கு மணச் சான்று வேண்டும். ஏதிலியான குழந்தைக்குக் காப்பாளர் யார் என்று ஒரு நடுவர் சொல்லவேண்டும். இடிபாட்டினடியில் மறைந்த வீட்டின் எல்லை எது என்பதற்குத் தாள் வேண்டும். இத்தாள்களை மீண்டும் எழுதித்தரும் பணியைச் சோற்றுக்கும் மருந்துக்கும் அடுத்த பணியாக வைத்துப் போற்றவேண்டும். தாள் இல்லாதவன் நிலத்தைத் துருக்கியர் சட்டம் காட்டிப் பறித்தவர்கள் யாரென்று மேலே கண்டோம்.

இப்பணியைச் செய்வோர்க்குக் கிடைத்த பரிசு என்ன? 2021 அட்டோபரில் இசுரேல், அல்-அக்கு உள்ளிட்ட ஆறு பாலத்தீன அமைப்புகளைக் கொடுஞ்செயல் அமைப்புகள் என்று அறிவித்தது. சிறைப்பட்டோர்க்கும் சிறுவர்க்கும் வாதாடும் அமைப்புகளும் அவற்றுள் அடங்கும். தக்க சான்று எதுவும் தமக்குக் காட்டப்படவில்லை என்று ஒன்பது ஐரோப்பிய நாடுகள் 2022 சூலையில் கூறின. 2025 செபுதம்பரில் அமெரிக்கா, பன்னாட்டுக் குற்ற முறைமன்றத்திற்குத் துணைபுரிந்தது என்பதையே குற்றமாக்கி அல்-அக்கின்மீதும் காசாவின் இரு மாந்தவுரிமை அமைப்புகளின்மீதும் பொருளியல் தடை விதித்தது. முறைமன்றம் செல்வதே குற்றமாயிற்று. சட்டத்தின் ஆட்சியை வளர்க்கப் பொருளுதவி செய்வதாகச் சொல்லும் ஐரோப்பிய நாடுகள், இத்தடைக்கு அஞ்சித் தம் பணத்தை முடக்கிக் கொள்ளுமா, துணிந்து அனுப்புமா என்பதிலேயே அவற்றின் சொல் மெய்யா பொய்யா என்பது விளங்கும். 2022 ஆகத்து 18 அன்று விடியலில் இரமல்லாவில் புகுந்த படையினர் அவ்வமைப்புகளின் அலுவலகங்களைச் சூறையாடி, வாயில்களை இரும்புத் தகடுகளால் அடைத்துச் சென்றனர். அல்-அக்கின் பணியாளர் அத்தகட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு உள்ளே சென்று வேலையைத் தொடர்ந்தனர்.